ஆற்றுக்கு ஆற்றுப்படுத்துக!

'ஆறு' என்னும் தமிழ்ச்சொல் நீரோட்டத்தையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். நீர் தனக்கென வழி வகுத்துக்கொண்டு செல்வதும் ஆறு. மாந்தன் ஒழுகும் நெறியும் ஆறு. வழியறியாதவனுக்கு வழி காட்டுதலை 'ஆற்றுப்படுத்துதல்' என்றனர் பழந்தமிழர். அதற்கெனவே ஆற்றுப்படை என்றொரு நூல்வகையையும் படைத்தனர். பெற்றவன் பெறாதவனைப் பெறுமிடத்துக்கு அனுப்பி வைப்பதே ஆற்றுப்படையின் இலக்கணம். கல்விக்கும் அதுவே இலக்கணமாகும். அறிந்தவர் அறியாதவரை அறியுமிடத்துக்கு அனுப்புதல் வேண்டும். ஆற்றைப் பற்றிய அறிவு எங்குளது? ஆற்றில் உளது. எனின், ஆற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் தம் மாணவரை எங்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்? இவ்வெளிய வினாவுக்கு இந்நாட்டுப் பள்ளிகள் இன்றுவரை நேர்விடை கூறவில்லை.

பொதிகை மலையில் தோன்றி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை வளப்படுத்திப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் பொருநையை எடுத்துக்கொள்க. தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே முடியும் ஆறு அது. நீளம் ஏறத்தாழ 128 கி.மீ. கரையூர்ப் பள்ளிகளிற் பயிலும் பிள்ளைகள் இச்செய்திகளை நெட்டுருச் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர், மறுநாள் மறந்தும் விடுகின்றனர். பள்ளியிலிருந்து கூப்பிடு தொலைவில் ஆறு ஓடிக்கொண்டிருக்கின்றது. அவ்விடத்தில் அதன் அகலம் என்ன? கோடையில் ஆழம் எவ்வளவு? எந்தக் கரை ஆண்டுதோறும் இடிகின்றது? எந்தக் கரையில் மணல் சேர்கின்றது? ஊர்க்குளத்துக்கு நீர் எந்த மடை வழியாக வருகின்றது? ஊர்ச் சாக்கடை எவ்விடத்தில் ஆற்றில் விழுகின்றது? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை கூறவல்ல பிள்ளைகள் ஊருக்கு எத்துணைப் பேர்? பிள்ளைகளை விடுக, அவர்களுக்குக் கற்பிப்போருள் எத்துணைப் பேர்?

இது பிள்ளைகளின் குற்றமன்று. ஓடும் ஆற்றைத் தாளில் நிறுத்தி, மூன்று வரியாகச் சுருக்கி, மூன்று மதிப்பெண்ணுக்கு விற்கும் கல்விமுறையின் குற்றமாகும். வெள்ளையராட்சியில் எழுத்தர் வேலைக்கு ஆள் திரட்டுதற்கு அமைந்த முறை அது. அன்று இலண்டன் மாநகரத்து ஆற்றை நெட்டுருச் செய்தனர். இன்று தம்மூர் ஆற்றையே அயலூர் ஆறு போல் நெட்டுருச் செய்கின்றனர். ஆங்கிலவழிப் பள்ளிகள் தெருத்தோறும் முளைத்தபின் நிலைமை மேலும் கெட்டது. மழைக்கு ஏங்கும் நாட்டில், மழையைப் போகச் சொல்லும் ஆங்கிலப் பாட்டை மூன்று அகவைக் குழந்தையின் வாயில் திணிக்கின்றனர். அக்குழந்தை வளர்ந்து, ஆற்றின் உறுப்புகளையெல்லாம் ஆங்கிலப் பெயரால் எழுதக் கற்கின்றது. ஆனால் தன் பாட்டன் வாயில் நாள்தோறும் வழங்கிய மடுவையும் துருத்தியையும் மடையையும் கலிங்கையும் அறியாது போகின்றது. ஆற்றையும் இழந்தது, ஆற்றின் சொல்லையும் இழந்தது.

இவ்விரண்டு இழப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே ஈண்டு வலியுறுத்தத்தக்கது. பெயர் அறியாத பொருள் கண்ணுக்குப் புலனாவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத பொருள் களவு போனாலும் எவரும் வினவுவதில்லை. ஆற்றின் சொற்களை இழந்த தலைமுறை, ஆறு கொள்ளை போவதைக் கண்டும் காணாத தலைமுறையாகவே வளரும். ஆகவே, பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, கையால் அளக்கவும் கண்ணால் காணவும் தமிழால் பெயரிடவும் பழக்குதல், ஓய்வுநாள் உலாவன்று; இனத்தின் உடைமையைக் காக்கும் பணியாகும்.

நிலத்தைக் கண்டு கற்றல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் முதல், கரு, உரி எனப் பொருளைப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் புள்ளும் விலங்கும் நீரும் தொழிலும் கருப்பொருள். அங்கு வாழ்வார்தம் ஒழுக்கம் உரிப்பொருள். இதனினும் சிறந்த களப்பாடத் திட்டம் எந்நாட்டிலுளது? ஓரிடத்துக்குச் சென்றால் முதலில் நிலமும் பொழுதும் என்ன என்று பார். அடுத்து அங்குள்ள உயிரும் தொழிலும் என்ன என்று பார். பின்னர் அங்குள்ள மாந்தர் வாழ்வு என்ன என்று பார். பொதிகையின் குறிஞ்சியில் தொடங்கி, அடிவாரத்து முல்லையைக் கடந்து, மருத வயல்களினூடே தவழ்ந்து, புன்னைக்காயலின் நெய்தலில் முடியும் பொருநை, திணைப்பாடம் முழுவதையும் 128 கி.மீ. நீளத்தில் எழுதி வைத்திருக்கின்றது. அதனைப் பத்தாம் வகுப்பு மாணவன் இலக்கண வாய்பாடாக மனப்பாடம் செய்கின்றான். ஏட்டிலுள்ள மருதமே தன் வீட்டுக்கொல்லையிலும் உளது என்று அறியாமலே தேர்வு எழுதுகின்றான்.

மேனாட்டார் சொன்னால்தான் ஏற்போம் என்பாரும் இங்குளர். அவர்க்கும் சான்று உண்டு. 1762-இல் வெளிவந்த 'எமீல்' என்னும் நூலில், நிலவியற் கல்வி சிறுவன் வாழும் ஊரிலிருந்தும் அதன் அண்மையிலுள்ள ஆறுகளிலிருந்தும் தொடங்குதல் வேண்டும் என்று உரூசோ எழுதினார். 2005-ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கலைத்திட்டச் சட்டகமும், பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு அறிவை இணைத்தலைத் தன் நெறிகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. தாளில் எழுதப்பெற்ற அந்நெறியும் தாளிலேயே உறங்குகின்றது.

இனி, ஆற்றங்கரையில் என்ன கற்பிப்பது என்று வினவும் ஆசிரியர்க்குச் சில கூறுவோம்.

முதற்பாடம் கல். மலையடிவாரத்தில் ஆற்றுப்படுகையில் கிடப்பவை கூர்விளிம்புள்ள பெரும்பாறைகள். சற்றுக் கீழே வந்தால் உருண்ட கூழாங்கற்கள். மேலும் கீழே வந்தால் பருமணல், பின் நுண்மணல், கழிமுகத்தில் வண்டல். பிள்ளைகள் ஒவ்வோரிடத்திலும் கைப்பிடியளவு எடுத்து வந்து வரிசையாக வைக்கட்டும். நீரின் ஆற்றல் கல்லை உருட்டியும் மோதியும் தேய்த்தும் மணலாக்குகின்றது என்பதை எவரும் சொல்லாமலே அவர்கள் உணர்வர். பள்ளிக்குத் திரும்பியபின், ஆற்றுச் சேற்றைக் கண்ணாடிக் குப்பியிலிட்டு நீரூற்றிக் குலுக்கி அசையாமல் வைக்கட்டும். சிறிது பொழுதில் மணல் அடியில் படியும்; அதன்மேல் வண்டல் படியும்; மிக நுண்ணிய களிமண் மறுநாள் வரை நீரில் மிதந்து மெல்லப் படியும். விரைவு குறையக் குறைய, ஆறு தான் சுமந்த பொருள்களுள் முதலில் பருமையானதையும் பின்னர் நுண்மையானதையும் இறக்கி வைக்கின்றது என்னும் இயற்கை நெறி அக்குப்பிக்குள் தெரியும்.

அடுத்த பாடம் கணக்கு. இரு முளைகளைக் கரையில் 20 மீட்டர் இடைவெளியில் அடித்து, காய்ந்த தென்னைமட்டைத் துண்டு ஒன்றை நீரோட்டத்தில் விடுக. அது மேல்முளையிலிருந்து கீழ்முளைக்குச் செல்லும் பொழுதை மணிப்பொறியால் குறிக்க. 40 நொடி ஆயின், விரைவு நொடிக்கு அரை மீட்டர். ஆற்றின் அகலத்தைக் கயிற்றாலும், ஆழத்தை அளவுகோல் குறித்த மூங்கிற்கழியாலும் அளக்க. அகலம் 20 மீட்டர், ஆழம் சராசரி அரை மீட்டர் எனின், நீரின் குறுக்குப்பரப்பு 10 சதுர மீட்டர். நொடிக்கு 5 கன மீட்டர் நீர் என்று கணக்கு வரும். ஆயினும் அடிநீர் படுகையில் உராய்ந்து மெல்லச் செல்வதால், பத்தில் எட்டுப் பங்கே கொள்ளுதல் வேண்டும். எஞ்சுவது 4 கன மீட்டர். அஃதாவது நொடிக்கு 4,000 இலிட்டர். சிற்றூர்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 இலிட்டர் என்று அரசு அளவு வகுத்துள்ளது. அவ்வளவின்படி, ஒரே மணித்துளியில் கண்முன் கடந்து சென்ற நீர் 4,000 பேர்க்கு மேற்பட்டோரின் ஒரு நாள் தேவை! பெருக்கலும் வகுத்தலும் இவ்வாறு கற்ற பிள்ளை, குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போவானா?

மூன்றாம் பாடம் உயிர். ஓடும் நீரில் கிடக்கும் கல்லொன்றை மெல்லப் புரட்டிப் பார்க்க. தூய நீராயின், மூன்று வாலிழைகளோடு கல்லில் ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகளைக் காணலாம். நுண்மணலைத் தன் உடம்பைச் சுற்றி ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் சிறுபுழுக்களையும் காணலாம். சாக்கடை கலக்கும் இடத்தில் அவையிரா. குருதி நிறச் செம்புழுக்களே சேற்றில் நெளியும். உயிர்வளி குறைந்த நீரிலும் வாழவல்லவை அவை. ஆய்வுக்கூடமும் வேதிப்பொருளும் இன்றி, நீரின் தூய்மையைப் பத்து அகவைப் பிள்ளை கல்லைப் புரட்டியே கண்டறியலாம். கண்டபின் கல்லை இருந்தவாறே வைத்தல் வேண்டும் என்பதும் பாடத்தின் பகுதியே. அக்கல் ஓர் உயிரின் வீடன்றோ?

நான்காம் பாடம் முன்னோர் அறிவு. பொருநையின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்பன அவை. இறுதியாகக் கூறிய திருவைகுண்டம் அணை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை. நீரை முற்றும் மறித்துத் தேக்கும் அணைகளல்ல இவை. ஆற்றைத் தாழ்வாகத் தடுத்து, வேண்டிய நீரைக் காலில் திருப்பி, எஞ்சியதை மேலே வழிந்தோட விடுபவை. காலிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல், ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு வழியே அடுத்த குளம். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து வரும் நீரால் கார் விளைவும், வடகிழக்குப் பருவமழையால் பிசான விளைவும் கண்ட நாடு இது. அணைக்கட்டு என்னும் தமிழ்ச்சொல்லையே ஆங்கிலேயர் தம் மொழியில் 'அனிகட்' என எடுத்தாண்டனர். வெள்ளையப் பொறியாளன் கற்று எடுத்துச் சென்ற சொல்லைத் தமிழ்ப்பிள்ளை அறியாதிருத்தல் எத்துணை இழிவு!

இப்பாடத்துக்கு ஆசிரியர் பாடநூலைத் தேடுதல் வேண்டா. ஊரில் நீர் பாய்ச்சும் முதியவர் ஒருவரை அழைக்க. தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை வைத்து நீர் பங்கிட்ட கதையை அவர் கூறுவார். வெள்ளக் காலத்தில் உடைப்பை அடைக்க ஊரே கூடிய கதையைக் கூறுவார். மருதமரத்தின் வேர் கரையை எவ்வாறு பிணைத்து நிற்கின்றது என்று காட்டுவார். எழுத்தறியாதவராயினும் ஆறறிந்தவர் அவர். பள்ளி அவரை ஒரு நாள் ஆசிரியராக அமர்த்துமாயின், பிள்ளைகள் நீரியலை மட்டுமன்று, உழைப்பவரை மதிக்கும் பண்பையும் கற்பர்.

ஐந்தாம் பாடம் வரலாறு. பொருநையின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் உளது. 1876-இல் செருமானியர் யாகோரும், 1899 முதல் அலெக்சாந்தர் இரீயும் அங்கு அகழ்ந்து முதுமக்கள் தாழிகளைக் கண்டனர். ஆற்றுக்கு அண்மையிலுள்ள சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த நெல் கி.மு. 1155-ஆம் ஆண்டினது என்று கரிமப் பகுப்பாய்வு காட்டியதாக 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்தது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட அந்நெல்லின் பழமையை நாளிதழில் படித்து மகிழும் தமிழர், இன்று அதே ஆற்று நீரில் விளையும் நெல்லின் நிலையை எண்ணுகின்றனரா?

கொற்கைக்குச் செல்க. பாண்டியரின் முத்துத்துறை அது. கழக நூல்கள் போற்றிய பட்டினம். கிரேக்கக் குறிப்புகளிலும் இடம்பெற்ற துறைமுகம். இன்று அங்கு நின்று பார்த்தால் கடலைக் காணோம். கடல் ஆறேழு கி.மீ. அப்பால் உளது. கடல் எங்கே போயிற்று? இவ்வினாவைப் பிள்ளைகளிடமே விடுக. குப்பியில் மண் படிந்ததைக் கண்டவர்களாதலின், சிறிது பொழுதில் அவர்களே விடை கூறுவர். கடல் போகவில்லை, ஆறு நிலத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆண்டுதோறும் வண்டலைக் கொட்டிக் கொட்டிப் பொருநை கடலைத் தள்ளிற்று. கொற்கைத்துறை தூர்ந்தபின் கடலையடுத்துப் பழையகாயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் அதுவே என ஆய்ந்து கூறினார் கால்டுவெல். அதுவும் கடலைவிட்டு அகன்றது. பின்னர்ப் புன்னைக்காயல் துறையாயிற்று. ஒரே ஆறு, மூன்று துறை! கல்லைத் தேய்த்த நீர்தான் பேரரசின் துறைமுகத்தையும் இடம் பெயர்த்தது. அறிவியலும் வரலாறும் வேறுவேறு பாடவேளைகளல்ல என்பதை உணர்த்த இதனினும் நல்ல வகுப்பறை யாண்டுளது?

ஆறாவது பாடம் கசப்பானது. எனினும் அதுவே தலையாயது. பத்து இலிட்டர் கொள்ளும் ஏனத்தில் உலர்ந்த ஆற்றுமணலை நிரப்பி, மணலின் மேல்மட்டம் வரை நீரூற்றிப் பார்க்கட்டும். மூன்று இலிட்டருக்குக் குறையாமல் நீர் உள்ளே செல்லும். 'மணல் நிரம்பிய ஏனத்தில் நீருக்கு இடம் ஏது?' என்று பிள்ளைகள் வியப்பர். மணற்பருக்கைகளின் இடையே உள்ள வெற்றிடமே நீரின் களஞ்சியம். வெயில் குடிக்க முடியாத களஞ்சியம் அது. கரையூர்க் கிணறுகளுக்கெல்லாம் கோடையில் ஊட்டும் களஞ்சியம். ஓர் ஏக்கர்ப் படுகையில் மூன்று மீட்டர் மணலை அள்ளினால், ஏறத்தாழ 36 இலக்கம் இலிட்டர் நீர் தங்கும் இடம் அழிகின்றது. படுகை தாழ்ந்தால் கால்வாயின் தலைப்பு மேலே நிற்கும். ஆற்றில் நீரிருந்தும் வயலுக்கு ஏறாது. மணற்கொள்ளை என்றால் என்ன என்பதை ஆயிரம் மேடைப்பேச்சு விளக்காது. இவ்வொரு ஏனம் விளக்கும்.

2023 ஏப்பிரல் திங்களில், பொருநைக் கரையிலுள்ள முறப்பநாட்டில், மணற்கொள்ளையரைப் பற்றி முறையிட்ட சிற்றூர் ஆட்சி அலுவலர் ஒருவர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆற்றைக் காத்ததற்காக ஒருவர் உயிரீந்த ஊர்களில், அவர் எதனைக் காத்தார் என்று பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாவா? ஊரே அறிந்து நின்றிருப்பின் ஒருவர் தனித்து நின்று மடிந்திருப்பாரா?

மணல் ஒருபுறம், அழுக்கு மறுபுறம். பாவநாசத்தில் நீராடுவோர் கழற்றி எறியும் துணி. ஊர்தோறும் கொட்டும் நெகிழிக் குப்பை. நெல்லை நகரின் கழிவுநீர். 2024-ஆம் ஆண்டின் இறுதியில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நடுவர் இருவர் நேரில் சென்று, கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்த்தனர். வழக்கைத் தீர்க்க வேண்டிய நடுவரே ஆற்றங்கரைக்குச் சென்று கண்டறிதல் தேவை எனக் கருதினர். கரையிலேயே பிறந்து அந்நீரையே குடிக்கும் பிள்ளைகளுக்கு அது தேவையில்லையா?

இக்கல்விக்குத் தடை கூறுவோர் பலர். பாடத்திட்டம் முடியாது என்பர் சிலர். மேற்கூறியவை பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளவையல்ல. விரைவு இயற்பியல், பரப்பும் கொள்ளளவும் கணக்கு, பூச்சி உயிரியல், வண்டல் நிலவியல், கொற்கை வரலாறு, திணை தமிழ். ஆறு பாடங்களையும் ஒரே ஆறு கற்பிக்கின்றது. பருவத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால், வகுப்பில் பல நாள் செய்யும் பணி எளிதாகும்.

செலவு மிகும் என்பர் வேறு சிலர். கயிறு, மூங்கிற்கழி, கண்ணாடிக் குப்பி, தென்னைமட்டை, ஒரு மணிப்பொறி, ஒரு குறிப்பேடு. இவற்றுள் எது விலைக்கு அருமையானது? ஆங்கிலம் பேசும் பொம்மைக் கணிப்பொறிகளுக்குப் பல்லாயிரம் கொட்டும் பள்ளிகள் ஒரு மூங்கிற்கழிக்கு ஏழையாயின என்றால் எவர் நம்புவர்?

பிள்ளைகள் நீரில் மூழ்கினால் என் செய்வது என்று அஞ்சுவர் பெற்றோர். இவ்வச்சம் தள்ளத்தக்கதன்று, மதித்து விடை கூறத்தக்கது. ஆற்றில் குளிக்கச் சென்ற சிறுவர் மூழ்கிய செய்தி நாளிதழ்களில் ஓயாது வருகின்றது. அவர்களை அழைத்துச் சென்றவர் ஆசிரியரா? இல்லை. எவருமறியாமல் தாமே சென்றவர் பலர். மடு எங்குளது, சுழி எங்குளது, மணலள்ளிய பள்ளம் எங்குளது என்று அறியாமல் இறங்கியவர் பலர். பண்டு ஊர்ப்பெரியவர் ஒவ்வொரு மடுவுக்கும் பெயரிட்டு, 'அங்கு இறங்காதே' என்று தலைமுறைக்குத் தலைமுறை சொல்லி வைத்தனர். அச்சொல் அறுந்தது, உயிரும் அறுகின்றது. ஆற்றை அறியாமையே இடர், அறிதல் காப்பு. எனினும் ஆசிரியர் விழிப்பாயிருத்தல் கடன். மழைக்காலத்தும் அணை திறக்கும் நாள்களிலும் செல்லுதல் கூடாது. நீந்தத் தெரிந்த ஊரார் இருவரேனும் உடன் வருதல் வேண்டும். ஆசிரியர் முதல்நாளே சென்று ஆழம் பார்த்த இடத்திலன்றி, வேறெங்கும் பிள்ளைகள் முழங்காலளவு நீரிலும் இறங்குதல் கூடாது. நீர்க்கருகில் செல்வோர் சிறுசிறு குழுக்களாகச் செல்ல, ஏனையோர் கரையிலிருந்து குறிப்பெழுதுதல் வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் இதனையே கூறலாம். 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. பொருநை கரைபுரண்டது, ஊர்கள் நீரில் மிதந்தன, திருவைகுண்டத்தில் தொடர்வண்டியே நின்றுபோயிற்று. ஆற்றுக்கென்று ஒரு படுகையுண்டு. அப்படுகையைத் தாண்டி வெள்ளத்துக்கென்று ஒரு வெளியுமுண்டு. அவ்வெளியில் வீடு கட்டினால் ஆறு தன் இடத்தைத் தேடி ஒருநாள் வரும். இவ்வறிவு பத்து அகவையில் கையால் வரைந்த வரைபடத்தின் வழிப் பதியுமாயின், நாற்பது அகவையில் வீட்டுமனை வாங்கும்போது மறக்காது.

ஆகவே, தமிழர் செய்யத்தக்கவை இவை:

1. ஆறு, ஓடை, ஏரி, குளம் ஆகியவற்றுள் எது அண்மையில் உளதோ, அதனையே ஒவ்வொரு பள்ளியும் தன் களவகுப்பாகக் கொள்ளுதல் வேண்டும். பொருநைக்கு உரியது வையைக்கும் காவிரிக்கும் பாலாற்றுக்கும் உரியது. வறண்ட ஆறாயின், அது வறண்ட கரணியமே பாடம்.

2. கல்வித்துறை அந்நாள்களைப் பள்ளி நாள்களாக ஏற்று, பிள்ளைகள் தம் கையால் அளந்து எழுதிய குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வழங்குதல் வேண்டும். மதிப்பெண் இல்லாத பாடத்தை இந்நாட்டுப் பள்ளி தொடாது என்பது அறிந்ததே.

3. அளவு, வரைபடம், குறிப்பு அனைத்தும் தமிழிலேயே எழுதப்பெறுதல் வேண்டும். ஊரார் வழங்கும் சொல்லே முதற்சொல். அச்சொல் கிடைக்காதவிடத்தே நூற்சொல்.

4. ஆண்டுதோறும் அதே திங்களில், அதே இடத்தில், அதே அளவுகளை எடுத்துப் பள்ளியில் காத்தல் வேண்டும். பத்தாண்டுக் குறிப்பேடுகள் சேருமாயின், மன்றத்தில் ஏறும் சான்று ஊராரின் கையில் இருக்கும்.

5. இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் வாழும் முதியோரிடம் சென்று, ஆற்றுச் சொற்களையும் மடுக்களின் பெயர்களையும் துறைகளின் பெயர்களையும் எழுதி, அண்மைப் பள்ளிக்கு அளித்தல் வேண்டும். அம்முதியோர் காலத்துக்குப்பின் அவற்றைக் கேட்க எவரும் இரார்.

தமிழர் தம் ஆற்றின் பெயரையே ஒருமுறை இழந்து பெற்றவர். பொருநை என்னும் பழந்தமிழ்ப் பெயரின்மேல் தாமிரபரணி என்னும் வடசொல் ஏறி அமர்ந்தது, நூற்றாண்டுகள் கழிந்தன, ஊர்மக்களும் தம் ஆற்றின் பெயர் அதுவே என நம்பினர். இன்று அகழாய்வின் வழியாகப் பொருநை என்னும் பெயர் மீண்டும் செய்தித்தாளிலும் சட்டமன்றத்திலும் ஒலிக்கின்றது. பெயரை மீட்டது நன்று. ஆனால், பெயர்ப்பலகையில் பொருநை என்று தமிழில் எழுதிவிட்டு, அதன் கீழே மணலும் நீரும் இல்லாத வெறும் பள்ளத்தை வரும் தலைமுறைக்கு விட்டுச் செல்வதோ? பெயரும் வேண்டும், ஆறும் வேண்டும். இரண்டையும் காக்கும் கை, இன்று பள்ளிமணையில் அமர்ந்து ஆற்றின் நீளத்தை நெட்டுருச் செய்யும் சிறு கையே.

அக்கையில் ஒரு மூங்கிற்கழியைக் கொடுங்கள். ஆற்றின் ஆழம் எவ்வளவு என்று அது அளந்து பார்க்கட்டும். அளந்தவன் அறிவான், அறிந்தவன் காப்பான். பிள்ளைகளை ஆற்றுக்கு ஆற்றுப்படுத்துக!